சுவரைப் பார்த்த அடுக்கு

ஏழாம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த வகுப்பில் நூலகம் என்று ஒன்று வந்தே இருக்காது. ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள் கிடந்தன. கேட்டால், "பிள்ளைங்க கிழிச்சிடும்" என்று ஒரே பாட்டு. "கிழிக்கட்டுமே! கரையான் மட்டும் என்ன, கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கவா போகுது?" என்று ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள். தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், அவள் வாய்க்குப் பயந்தே சாவியைக் கொடுத்தார். மறுநாள் மூட்டைகள் வகுப்புக்கு வந்துவிட்டன.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! தூசியைத் தட்டப்போய் பாதி வகுப்பு தும்மியது. அடுக்குகளைச் செய்து கொடுத்தவர் ஒரு தச்சர்; உடைந்த பெஞ்சுகளையே அறுத்து, இழைத்து, வாசனையோடு கொண்டுவந்து வைத்தார். அவர் மகன் இதே வகுப்பு. மேல் தட்டுக்கு ஸ்டூல் இல்லாமலே கை எட்டுகிற உயரம் என்பதால் ஒட்டடைக்கம்பு என்று பெயர். எப்படி அடுக்குவது என்பதில்தான் சண்டை. உயர வரிசையில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றான் அவன். "புத்தகம் என்ன, பிரேயர்ல நிக்கப் போகுதா?" என்று பாய்ந்தாள் குண்டூசி. குண்டூசி ஒரு சாண் பெண். அவள் வாய் இருக்கிறதே, அது ஊர் வரைக்கும் நீளும். "சிரிப்பு ஒரு தட்டு, பயம் ஒரு தட்டு, அழுகை ஒரு தட்டு, அறிவு கடைசித் தட்டு. அதைத் தேடறவன் குனிஞ்சு எடுத்துக்கட்டும்." ஓட்டு போட்டார்கள். குண்டூசி ஜெயித்தாள்.

எல்லாம் முடிந்து ஒரு குவியல் மிஞ்சியது. யாரும் தொடவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கான சின்னப் பிள்ளைப் புத்தகங்கள், உடம்பு மாறுகிற வயதைப் பற்றியவை, திக்குவாய் பற்றி ஒன்று, அப்பா அம்மா பிரிந்தால் என்று ஒன்று, "வீட்டில் சண்டையா?" என்று நீல அட்டையில் ஒரு மெல்லிய புத்தகம், இரண்டு பிரதி. பையன்கள் பின்னால் நின்று கிளுகிளுவென்று சிரித்தார்கள். டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் வந்தது.

"அந்தச் சின்ன ரேக்கைச் சுவர் பக்கமாத் திருப்பி வச்சிடலாம் டீச்சர்."

சொன்னது அமுக்குணி. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. ஜூன் மாதத்திலிருந்து அவள் பேசிய வார்த்தைகளை ஒரு கைக்குள் எண்ணிவிடலாம். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவரின் ஒரே மகள்.

"நடுவுல ஒரு ஆள் நிக்கற இடம் விட்டா போதும். எடுக்கறது யாருக்கும் தெரியாது. கார்டும் வேண்டாம். யார் எடுத்தான்னு கேக்கவும் கூடாது."

"நான் கூடவா?" என்றாள் டீச்சர்.

"நீங்களும்தான் டீச்சர்."

அப்படித்தான் சுவரைப் பார்த்த அடுக்கு வந்தது. மற்ற புத்தகங்களுக்குக் கார்டு உண்டு, பெயர் உண்டு, தேதி உண்டு. இதற்கு எதுவும் கிடையாது. எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவான விதி ஒன்றே ஒன்றுதான்: உன் கையில் கிழிந்தால், ஒட்டாமல் திரும்ப வைக்காதே. இந்த விதியை டீச்சர் மிரட்டி மிரட்டியே பிள்ளைகளின் மண்டையில் ஏற்றியிருந்தாள்.

புத்தகங்கள் காணாமல் போயின. பிறகு தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் சாக்பீஸ் எடுக்க வகுப்புக்குள் நுழைந்தவள் கண்ணில் பட்டது: அமுக்குணி அந்த நீலப் புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டாள். கேட்கக் கூடாது என்பதுதானே விதி, விதியை மதிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதிப்பாவது மண்ணாவது! பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஒரு வாரம் போயிருக்கும். கடைசிப் பீரியட், விளையாட்டு. வகுப்பு முழுக்க மைதானத்தில் இருந்தது. மூன்று பேர் மட்டும் டீச்சரோடு உள்ளே உட்கார்ந்து புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்: ஒட்டடைக்கம்பு, குண்டூசி, அமுக்குணி. மூன்று பேரும் ஒரே வேன். வாசலில் நிழல் தட்டியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். வேன்காரர்.

வேன்காரரைப் பிடிக்காத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. பிள்ளைகளை ஒரு நாள் அதட்டியதில்லை. மழை பெய்தால் ஒவ்வொரு பிள்ளையையும் குடையோடு வாசல் வரை கொண்டுபோய் விடுவார். "தங்கமான மனுஷன்" என்று தாய்மார்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். டீச்சரே அவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு நிமிஷம் டீச்சர்." சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கையில் சுருட்டிப் பிடித்த புத்தகம். நீல அட்டை. "கடைசி சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. காலையில யாரோ போட்டுட்டாங்க போல. உங்க முத்திரை இருக்கு."

"ரொம்ப நன்றிண்ணே. குடுங்க." டீச்சர் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"யாரு எடுத்ததுன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. அந்த அடுக்குக்குக் கார்டு கிடையாது."

"அப்படியா? நல்ல ஏற்பாடு." நின்றபடியே புரட்டினார். "பாருங்க, நடுப்பக்கம் கிழிஞ்சிருக்கு. யாரோ நல்லா ஒட்டியிருக்காங்க. மஞ்சள் டேப். இது நான் வேன் சீட் கிழிஞ்சா ஒட்டற டேப் டீச்சர். இங்க கடையில எங்கயும் கிடைக்காது. டிப்போவுல வேலை பார்க்கற சிநேகிதர் கொண்டுவந்து குடுத்தது. என் வீட்டு அலமாரியிலதான் இருக்கு."

டீச்சரின் கண் தானாக அமுக்குணி பக்கம் போகப் பார்த்தது. போகவிடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு பார்வை போதும், பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடும். பசைப் பிரஷ் டப்பாவில் உரசுகிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"என் பொண்ணு எடுத்தாளா டீச்சர்?" அதே சிரிப்பு. "சும்மாதான் கேக்கறேன். எடுத்திருந்தா ஒண்ணும் தப்பில்ல. ஆனா நம்ம வீட்ல என்ன சண்டை? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

"இவளா?" டீச்சர் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவ்வளவு இயல்பாகத் தன்னால் பொய்ச் சிரிப்புச் சிரிக்க முடியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அறிவுத் தட்டின் பெட்டியிலிருந்து ஒரு கார்டை உருவினாள். "இதோ பாருங்கண்ணே, உங்க பொண்ணோட கார்டு. ராக்கெட், நட்சத்திரம், நிலா, மறுபடியும் ராக்கெட். இவ ஆகாயத்தை விட்டு இறங்கினாத்தானே! போன வாரம் பூரா கண்காட்சிக்கு சார்ட் வரைஞ்சுக்கிட்டிருந்தா. அந்த ரேக் பக்கமே வரல. நான் கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். வேணும்னா சத்தியம் பண்ணட்டுமா?"

"அய்யய்ய, சத்தியமெல்லாம் எதுக்கு? நீங்க சொன்னாச் சரி." வேன்காரர் புத்தகத்தை மூடினார். சுருண்டிருந்த அட்டையைத் தொடையில் வைத்து மெல்ல நீவி நிமிர்த்தினார். "அப்போ புரிஞ்சிடுச்சு டீச்சர்."

"புத்தகம்?"

"நாளைக்குக் குடுக்கறேனே. வீட்ல உக்காந்து ஒரு தடவை படிச்சுப் பார்க்கலாம்னு." புத்தகம் சட்டைப் பைக்குள் போனது. மகளைப் பார்த்துத் திரும்பினார். "தங்கம், பெல் அடிச்சதும் ஓடி வந்துடு. இன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். முதுகெல்லாம் வியர்வை. ஆனால் உள்ளுக்குள் ஒரு திமிர்கூட வந்தது. எப்படிச் சமாளித்தேன் பார்! கார்டை எடுத்துக் காட்டியது எப்பேர்ப்பட்ட யோசனை! அதே திமிரோடு அமுக்குணியைப் பார்த்தாள்.

பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"என்னடி?"

"நான் எனக்காக எடுக்கல டீச்சர். அம்மாவுக்கு." எழுந்து நின்றாள். கையிலிருந்த பிரஷிலிருந்து பசை பாவாடையில் சொட்டியது. "தினமும் சாயங்காலம் வேனைக் கழுவறது அம்மாதான். நான் எடுக்கலன்னா என்ன அர்த்தம்? யாரோ வேன்ல விட்டதை அம்மா எடுத்து ஒளிச்சு வச்சுப் படிச்சாங்க, அலமாரியிலேருந்து டேப் எடுத்து ஒட்டினாங்கன்னுதானே நினைப்பார்? நான்தான் எடுத்தேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க சத்தியம் வரைக்கும் போயிட்டீங்க."

"உன்னை அடிப்பாரேன்னுதான்டி…"

"என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல. அம்மாவைத்தான் அடிப்பார். வெளிய தெரியாத இடமாப் பார்த்து." குரல் நடுங்கவில்லை, அதுதான் டீச்சருக்குத் தாங்க முடியவில்லை. "அவசரமா ஒளிக்கறப்போ கிழிஞ்சு போச்சு. கிழிஞ்சதை ஒட்டாமக் குடுத்தா டீச்சர் கொன்னுடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். அதான் ஒட்டினாங்க. இன்னிக்குத் திருப்பி வைக்கத்தான் எடுத்துட்டு வந்தேன், வேன்ல பையிலேருந்து விழுந்துடுச்சு."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் வாயாலேயே அந்தப் பிள்ளையின் அம்மாவைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். கார்டு வேறு சாட்சி! பெரிய டீச்சருக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருப்பவர் எடுக்கவில்லை. அமுக்குணியின் அம்மாவிடம் போன் கிடையாது. ஏன் கிடையாது என்பது இப்போதுதான் விளங்கியது.

"நீ வேன்ல ஏற வேண்டாம். என்கூட வா."

"நான் ஏறலன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும், யாரையும் இறக்கி விடாம நேரா வீட்டுக்குத்தான் போவார் டீச்சர். நான் ஏறினா எப்பவும் போல எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் போவார். நானும் அவரும் கடைசி." சொல்லிவிட்டு அமுக்குணி டீச்சரின் கையைப் பிடித்தாள். "அதுக்குள்ள நீங்க அம்மாகிட்ட போயிடுங்க."

"உன்னை எப்படிடி அந்த ஆளோட அனுப்புவேன்?"

ஒட்டடைக்கம்பு எழுந்தான். "இவ வீட்டுக்கு முந்தின ஸ்டாப் எங்க வீடு டீச்சர். அப்பா பட்டறையில இருப்பார். இவளை நான் எங்க வீட்டிலயே இறக்கிடறேன்."

"நான் லேட் பண்றேன்," என்றாள் குண்டூசி. "எப்படின்னு கேக்காதீங்க."

பெல் அடித்தது. பெரியவர்கள் போடுகிற எத்தனையோ திட்டங்களை டீச்சர் மீட்டிங்குகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எதுவும் இவ்வளவு சீக்கிரம் முடிவானதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு, அப்பா திறந்து பிடித்த கதவுக்குள் ஏறியதைப் பார்த்தபோது, நான் மனுஷிதானா என்று அவளுக்குத் தோன்றியது. "ஏறுடா தங்கம்" என்ற குரல் மைதானம் தாண்டிக் கேட்டது.

சுவரைப் பார்த்த அடுக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். அதே நீலப் புத்தகத்தின் இன்னொரு பிரதி ஓரத்தில் இருந்தது. பின்னட்டையில் உதவி எண். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே அழைத்தாள். எடுத்த பெண் நிதானமாக விலாசம் கேட்டாள், யார் எவர் என்று கேட்டாள். "ஆள் அனுப்பறோம். நீங்க தனியா அந்த வீட்டுக்குப் போகாதீங்க," என்றாள். "போய்க்கிட்டே இருக்கேம்மா," என்று கத்திவிட்டு டீச்சர் போனைப் பைக்குள் போட்டாள்.

டயர் கடைக்குப் பின்னால் மாடி வீடு. இரும்புப் படி. கதவைத் தட்டியதும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கண் தெரிகிற அளவுக்குக் கதவு திறந்தது. அந்தக் கண் டீச்சரைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று படியைப் பார்த்தது.

"அக்கா, நான் பொண்ணோட டீச்சர். புத்தகம் அவர் கையில கிடைச்சிடுச்சு. நீங்க படிச்சது தெரிஞ்சு போச்சு. உடனே கிளம்புங்க."

அந்த அம்மாள் அழவில்லை, அலறவில்லை. "என் பொண்ணு எங்க?"

"வேன்ல."

"அவரோடயா?" கதவு முழுக்கத் திறந்தது. டீச்சருக்கு வாழ்க்கையில் எத்தனையோ பேர் கோபம் காட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு கோபத்தை அவள் பார்த்ததில்லை. "தெரிஞ்சும் ஏத்தி விட்டீங்களா? நீங்கள்லாம் ஒரு டீச்சரா?"

"தச்சர் வீட்ல இறங்கிடுவா அக்கா. அங்க போயிடலாம். வாங்க." அவ்வளவுதான் டீச்சரால் சொல்ல முடிந்தது.

அந்த அம்மாள் உள்ளே ஓடினாள். அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு பை, ஏற்கெனவே கட்டி வைத்தது. பிள்ளையின் சான்றிதழ்கள், இரண்டு செட் துணி, ஒரு ஸ்வெட்டர். பை தயாராக இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில்தான் போட்டிருக்கிறது. டீச்சர் பல தடவை புரட்டிப் பார்த்து, நல்ல புத்தகம் என்று முத்திரை குத்தியவள்தான். அதை நம்பி ஒருத்தி பை கட்டுவாள் என்று நினைத்ததே இல்லை.

தச்சர் பட்டறையிலிருந்து வெளியே வந்து, ஸ்கூட்டரில் வந்திறங்கிய இரண்டு பேரையும் பார்த்தார். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. "உள்ள வந்து உக்காரு தங்கச்சி. இது உன் அண்ணன் வீடுன்னு நினைச்சுக்கோ," என்றார். அந்த அம்மாள் உட்காரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி நின்றாள். டீச்சரும் நின்றாள்.

வேன் வரவில்லை.

ஒரு பால் வண்டி போனது. சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள். வேன் வரவில்லை. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வேறு பக்கம் போயிருந்தால்? பாதி வழியிலேயே திருப்பியிருந்தால்? அந்த அம்மாள் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கேட்டை இறுக்கினாள். டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா…" என்று ஒரு தடவை ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். போனில் உதவிக்காரப் பெண் மறுபடி வந்தாள். கிளம்பிவிட்டார்கள், மெயின் ரோட்டில் டிராஃபிக் என்றாள். டீச்சர் தச்சர் வீட்டு அடையாளத்தைச் சொன்னாள். தான் நாக்கை அடக்கியிருந்தால் இந்த நிமிஷம் வந்தே இருக்காது என்பது அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

தெரு முனையில் மஞ்சள் வண்டி திரும்பியது.

வேன் வாசலில் வந்து நின்றது. ஒட்டடைக்கம்பு முதலில் இறங்கினான். கதவைச் சாத்தவிடாமல் குறுக்கே நின்றுகொண்டான். அவன் கைக்கு அடியில் நுழைந்து அமுக்குணி குதித்தாள்.

"தங்கம், நம்ம வீடு அடுத்ததுடா. ஏறு."

அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் வந்தாள். அம்மா அவளை இழுத்த இழுப்பில் பைவார் அறுந்தது. தலை, கன்னம், கை என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

அவன் இறங்கி வந்தான். இந்த இடத்துக்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது, அவன் என்றே சொல்வோம். மனைவியைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு விநாடி எதுவும் இல்லை. பிறகு சிரிப்பு வந்தது.

"நீ இங்க என்ன பண்ற? வா, வண்டியில ஏறு, போகலாம்." தேன் ஒழுகுகிற குரல்.

யாரும் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. அடுத்தவங்க குடும்பத்துல இப்படிப் புகுந்து குழப்பலாமா?" சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிடித்தான். "எல்லாம் இதால வந்த வினை. எந்தப் புண்ணியவதி கொண்டுவந்தாளோ!"

"நான்தான்ப்பா எடுத்தேன்," என்றாள் அமுக்குணி.

அவன் அவளைப் பார்த்தான். அம்மா மகளை நகர்த்திவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எடுத்தது அவ. படிச்சது நான். ஒட்டினதும் நான்." குரல் உடைந்தது, எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "மனப்பாடமே ஆயிடுச்சு. நாங்க வரல."

"வரலையா?"

"வரல."

அவன் இன்னும் ஒரு அடி வைத்தான். தச்சர் கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார். கையை ஓங்கவில்லை, ஆயுதம் எதுவும் எடுக்கவில்லை. கையெல்லாம் மரத்தூள். "தம்பி, பேசறதுன்னா ரோட்ல நின்னு பேசுங்க. இது என் வீடு," என்றார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கை ஓங்குகிற ஆள் இல்லை அவன். அதுதானே அவனுடைய கெட்டிக்காரத்தனம். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பைக்குள் திருப்பிப் போட்டான். "சரி, எத்தனை நாளைக்குன்னு பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். வேன் போன பிறகும் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

அந்த அம்மாள் அப்போதுதான் உள்ளே வந்தாள். இழைத்து வைத்திருந்த பலகைகள் மேல் அப்படியே உட்கார்ந்தாள். தச்சர் தண்ணீர் கொண்டுவந்தார். உதவிக்கு வருபவர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. இனி எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. வேன் ஏன் இத்தனை நேரம் ஆனது என்று டீச்சர் கேட்டாள். கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை. பேசாமல் இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"குண்டூசிதான் டீச்சர்," என்றான் ஒட்டடைக்கம்பு. "ஜன்னல் வழியா ஒரு செருப்பை வெளிய வீசிட்டா. வண்டியை நிறுத்துங்கன்னு ஒரே கத்தல். எல்லாரும் இறங்கி சாக்கடை ஓரமாத் தேடினோம். நான் அதைப் பார்த்தேன், மிதிச்சு சேத்துக்குள்ள தள்ளிட்டேன்." அவனுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கும் வந்துவிட்டது. அந்தச் சாண் பெண்ணைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

அமுக்குணி சிரிக்கவில்லை.

"புத்தகத்தை அவர் எடுத்துட்டுப் போயிட்டார் டீச்சர்," என்றாள்.

"போனாப் போகுது விடுடி. இதோ, இன்னொண்ணு இருக்கு." டீச்சர் கைப்பையைத் திறந்து காட்டினாள்.

"அதைக் காலையில முதல் வேலையா ரேக்குல வச்சிடுங்க டீச்சர். மறந்துடாதீங்க." சொல்லும்போதே அவள் உதடு கோணியது. வகுப்பில் அழவில்லை, வேனில் அழவில்லை, அப்பா முன்னால் அழவில்லை. இப்போது பொலபொலவென்று கொட்டியது. "நான் எடுத்தப்போ ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு வேற ஒருத்திகிட்ட இருந்துச்சு. அடிக்கடி எடுப்பா."

டீச்சரின் சிரிப்பு நின்றது. இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. "யாருடி?"

அமுக்குணி அம்மாவைப் பார்த்தாள். "சொல்லு," என்றாள் அம்மா.

"குண்டூசி." மூக்கை உறிஞ்சினாள். "புதுச் செருப்பு டீச்சர் அது. ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போயிருக்கா."

டீச்சர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். சாவி கையிலேயேதான் இருந்தது.

"அவ எந்த ஸ்டாப்புல இறங்குவா?" என்று கேட்டாள்.